உரிவதற்கு ஒன்றுமில்லாத தரை

செப்டம்பர் 2, செவ்வாய்

வெயில். காற்று அசையவில்லை. ஸ்கூல் டிரிப் முடித்து வந்து வேனை ஷெட்டில் விட்டேன். பத்து மணிக்கு மறுபடி எடுத்தபோது முன்சக்கரத்தோடு தரையின் சிவப்புப் பெயிண்டும் கிளம்பி வந்தது. உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பத்தை. சித்திரையில் அடித்த பெயிண்ட். இது நாலாவது இடம். உரிந்த இடத்தில் சிமெண்ட் மாவு மாதிரி உதிர்கிறது. கூட்டக் கூட்டத் தூசி. வேன் சீட்டெல்லாம் தூசி. பிள்ளைகளின் யூனிஃபார்மில் ஒட்டுகிறது என்று ஒரு அம்மா நேற்று கேட்டேவிட்டார்.

மாரிமுத்துவுக்குப் போன் செய்தேன். தரை போட்டதும் பெயிண்ட் அடித்ததும் அவன்தான். வருகிறேன் என்றான். சாயங்காலம் வரை ஆளைக் காணோம்.

அண்ணன் பக்கத்திலிருக்கும் தன் வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எதுக்கு அந்தத் தரையோட மல்லுக்கு நிக்கிற? நீ எத்தனை நாள் இங்க இருக்கப் போற?"

குவைத்திலிருந்து வந்து ஒன்றரை வருஷம். டிரைவிங் படித்து, லைசென்ஸ் எடுத்து, பழைய வேன் வாங்கி, ஒன்பது பிள்ளைகளைத் தினம் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுகிறேன். இந்தத் தெருவுக்கு நான் இன்னும் லீவில் வந்தவள்தான். கடையில், கோயிலில், பஸ்ஸில் எல்லோரும் கேட்பது ஒன்றே. "எப்பம்மா திரும்ப?"

வாங்க வேண்டியது: வைப்பர் ரப்பர், உளுந்து, மகளுக்கு ஹாஸ்டல் பக்கெட்.

செப்டம்பர் 3, புதன்

திருத்துறைப்பூண்டி. ஹாஜா பாய் ஹார்டுவேர் கடை. தரைக்கு என்ன போடலாம் என்று கேட்டேன். கடையில் இருந்த எல்லோரும் சொன்னார்கள். நான் கேட்காதவர்களும், கடையில் இல்லாதவர்களும்.

1. மறுபடி அதே பெயிண்ட், இன்னும் ஒரு கோட்டிங் சேர்த்து. (மாரிமுத்து, போனில்.) முடியாது.
2. டைல்ஸ். (அண்ணி, காலையில் இட்லி கொண்டுவந்தபோது.) வேன் ஏறினால் மூலை உடையும். ஈரக்காலோடு நடந்தால் வழுக்கும்.
3. கடப்பைக் கல். (யாரோ ஒருவர், சிமெண்ட் வாங்க வந்தவர்.) இடுக்கில் ஆயில் இறங்கும்.
4. எபாக்ஸி. (பாய்.) இரண்டு டப்பாவைக் கலந்து தடவ வேண்டுமாம்.

பாய் ஒரு புத்தகத்தை விரித்துக் காட்டினார். கண்ணாடி மாதிரி தரை, அதில் ஒரு சிவப்புக் காரின் நிழல் தலைகீழாக.

"துபாய், குவைத்துல எல்லாம் இதாம்மா. ஒரு தடவை போட்டா ஆயுசுக்கும் பேச்சே கெடையாது."

"தெரியும் பாய். பதினோரு வருஷம் அதைத் தொடச்சவளே நான்தான்."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

குவைத்தில் நான் வேலை பார்த்த வீட்டில் நாலு கார். காலை ஐந்து மணிக்கு கராஜ் தரையை முட்டி போட்டுத் துடைக்க வேண்டும். டயர் தடம் தெரிந்தால் மேடம் விரலால் காட்டுவாள், வாய் திறக்க மாட்டாள். வெயில் காலத்தில் கொதிக்கிற டயரோடு வண்டி வந்து நிற்கும். மறுநாள் எடுக்கும்போது பளபளப்பு வட்டமாக உரிந்து வரும். உரிந்ததற்கும் எனக்குத்தான் பழி, நான் என்னவோ நகத்தால் சுரண்டியது மாதிரி. நான் இருந்த காலத்தில் இரண்டு தடவை புதிதாகப் போட்டார்கள்.

செப்டம்பர் 5, வெள்ளி

நேற்று காலை ஷெட்டை ஒட்டிய வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. கடைமடைக்கு இந்த வருஷம் இவ்வளவு சீக்கிரம் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. அண்ணன் இரண்டு நாளாக வயலில்தான். தெருவே சேற்றுக் காலோடு நடக்கிறது.

தண்ணீர் வந்ததும் ஞாபகம் வந்தது. குவைத்தில் இரண்டாவது தடவை தரை போட வந்தவர்களில் ஒருவர் வேதாரண்யத்துக்காரர். பேர் கேட்டுக்கொள்ளவில்லை. அடுப்படிக் கதவு வழியாக டீ கொடுத்தேன். தமிழில் பேசி எத்தனை மாதமோ, நிறுத்தாமல் பேசினார். தரையைப் பற்றியே பேசினார்.

"டயர் சூடு ஒண்ணுங்க. அதவிட மோசம் அடியில இருந்து ஏறுற ஈரம். நம்ம ஊருல யாராச்சும் இதைப் போடச் சொன்னா, மொதல்ல ஒரு பிளாஸ்டிக் தாளைத் தரையில ஒட்டிப் பாருங்க. ஒருநாள் விட்டுப் பாருங்க. அடியில முத்து முத்தா தண்ணி கோத்துச்சுன்னா, மேல என்ன போட்டாலும் தள்ளிவிட்டுரும்."

யூரியா சாக்குக்குள் இருக்கும் பாலிதீன் பையைக் கழுவிக் காயவைத்து, மூன்று துண்டாக வெட்டினேன். பெயிண்ட் உரிந்த இடமாகப் பார்த்து மூன்று பக்கம் விரித்து, நாலு ஓரமும் டேப் ஒட்டினேன். வேன் வெளியே புங்கமரத்தடியில்.

அண்ணி வந்து பார்த்தார். "என்ன, தரைக்குப் பிளாஸ்திரியா?"

செப்டம்பர் 6, சனி

மூன்றிலும் தண்ணீர். வாய்க்கால் பக்கத் துண்டில் கையை வைத்தால் நனைகிறது. சித்திரையில் பூமி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தபோது பெயிண்ட் அடித்தோம். அன்றைக்குத் தரை காய்ந்திருந்தது உண்மை. ஆடி மழைக்குப் பிறகு நிலத்தடி ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியிருக்கிறது, இப்போது வாய்க்காலும் சேர்ந்துகொண்டது. அவ்வளவுதான் விஷயம். நாலு மாதமாக டயரைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மாரிமுத்து இன்று வந்தான். காட்டினேன்.

"வெயிலுக்கு வேர்த்திருக்குங்க்கா."

"ஷெட்டுக்குள்ள ஏது வெயிலு?"

"அடியில நான் மண்ணு நல்லாத்தான் அடிச்சேன்."

"பிளாஸ்டிக் விரிச்சியா? காங்கிரீட் கொட்டுறதுக்கு முன்னாடி?"

பிளாஸ்டிக் துண்டைக் காலால் தள்ளினான். "குவைத்துல இன்ஜினியரிங்கா படிச்சீங்க?" என்றான்.

"தரை தொடச்சேன். மேல இருந்து பாத்தா தெரியாதது முட்டி போட்டுப் பாத்தா தெரியும்."

போய்விட்டான். போகிற போக்கில் அண்ணனிடம் ஏதோ சொன்னான். இருவரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

செப்டம்பர் 8, திங்கள்

பாய் கடைக்கு மறுபடி போனேன். எபாக்ஸி வேண்டாம், ஈரம் மூச்சுவிட வழி இருக்கிற மாதிரி ஏதாவது சொல்லுங்கள் என்றேன். அவருக்குத் தெரியவில்லை. ஆனால் தெரியவில்லை என்று சொன்னார், அது பெரிய விஷயம். திருச்சியில் தெரிந்தவருக்குப் போன் போட்டு என் கையிலேயே கொடுத்தார்.

அந்தப் பக்கத்து ஆள் பொறுமையாகச் சொன்னார். ஹார்ட்னர் என்று ஒன்று இருக்கிறது. பார்க்கத் தண்ணீர் மாதிரி. தெளித்தால் சிமெண்ட் குடித்துவிடும், உள்ளே போய் இறுகும். தூசி நின்றுவிடும். மேலே தோல் மாதிரி எதுவும் இருக்காது, அதனால் உரிவதற்கு ஒன்றுமில்லை. ஈரம் வந்து போகலாம். ஆயில் சிந்தினால் உடனே துடைக்க வேண்டும், அது ஒன்றுதான் குறை. மில் குடோன்களில் போடுகிறார்களாம்.

பாய்க்கு வருத்தம். "பளபளப்பே வராதேம்மா. சும்மா சிமெண்டு மாதிரிதான இருக்கும்? ஊரு பாத்தா என்ன சொல்லும்?"

"சிமெண்டு தரைன்னு சொல்லும் பாய்."

கேட்டவுடன் மனசில் முடிவாகிவிட்டது. இன்று ராத்திரி நன்றாகத் தூக்கம் வரும்.

உளுந்து மறந்துவிட்டது.

செப்டம்பர் 10, புதன்

மதியம் அண்ணன் ஒருவரோடு வந்தார். வெள்ளைச் சட்டை, தோல் பை. விசா ஏஜெண்ட்.

"நல்ல வீடும்மா. வயசான ரெண்டே பேருதான். உங்க அனுபவத்துக்கு உடனே எடுத்துக்குவாங்க. ரெண்டு வருஷம் கண்ணை மூடித் தெறக்கறதுக்குள்ள ஓடிரும்."

பாஸ்போர்ட் நகல் அவர் பையிலேயே இருந்தது. அண்ணன் கொடுத்திருக்கிறார். வந்த புதிதில் பத்திரமாக இருக்கட்டும் என்று பாஸ்போர்ட்டை அண்ணன் வீட்டு பீரோவில் நான்தான் வைத்தேன்.

"நான் போகலைங்க" என்றேன்.

ஏஜெண்ட் அண்ணனைப் பார்த்தார். "நீங்க பேசிட்டுச் சொல்லுங்க சார்." நான் எதிரிலேயே நிற்கிறேன்.

அவர் போன பிறகுதான் மற்றது வெளியே வந்தது. அண்ணன் உரக்கடைக்கு லைசென்ஸ் எழுதிப் போட்டிருக்கிறார். குடோன் என்று என் ஷெட்டைக் காட்டியிருக்கிறார். நான் போய்விடுவேன், வேனை விற்றுவிடலாம், ஷெட் காலியாகத்தானே இருக்கும். எல்லாம் யோசித்து முடித்துவிட்டார். என்னைத் தவிர எல்லோரும் பேசி முடித்துவிட்டார்கள்.

"உன் நல்லதுக்குத்தான் மல்லிகா. புருஷன் இல்லாதவ. வேன் ஓட்டிக்கிட்டு எத்தனை நாளைக்கு?"

என் வீட்டுக்காரர் இறந்து பதினாறு வருஷம் ஆகிறது. அதையே எனக்குப் புதிதாகச் சொல்வது மாதிரி சொல்கிறார்கள்.

மூன்றரை மணி டிரிப்புக்கு முன்னால் கிணற்றடியில் கொஞ்ச நேரம் நின்று முகம் கழுவிக்கொண்டு போனேன்.

செப்டம்பர் 13, சனி

தஞ்சாவூர். மகள் தேன்மொழியை ஹாஸ்டலிலிருந்து கூட்டிக்கொண்டு ஹார்ட்னர் விற்கும் கடைக்குப் போனேன். விற்பனைப் பையன் எனக்குப் பின்னால் நின்ற யாரோ ஒருவரிடம் "சொல்லுங்க சார், எத்தனை சதுர அடி" என்கிறான். அந்த ஆள் ஆணி வாங்க வந்தவர். பாவம், அவரே என்னைக் கைகாட்டினார்.

"ஷெட் பத்துக்கு இருபது" என்றேன். "அடியில ஈரம் ஏறுது. மேல பழைய பெயிண்ட் இருக்கு, அதை மெஷின் போட்டு எடுத்துருவேன். எத்தனை லிட்டர் குடிக்கும்?"

அப்புறம் என்னிடம் பேசினான்.

இரண்டு கேன். ஆட்டோவில் ஏற்றி பஸ் ஸ்டாண்ட், அங்கிருந்து பஸ் டிக்கியில்.

தேன்மொழியிடம் ஏஜெண்ட் வந்ததைச் சொன்னேன். பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள். "நீ திரும்பப் போனா நான் படிப்ப விட்டுட்டு வீட்டுக்கு வந்துருவேன்" என்றாள். மிரட்டுகிறாள். கண் கலங்கியிருந்தது. மூணாம் வகுப்பில் விட்டுப் போனேன் இவளை. காலேஜில் சேர்ந்த பிறகு திரும்பி வந்தேன். நடுவில் இருந்ததெல்லாம் போனில் கேட்டதுதான்.

போகவில்லை என்று சொன்னேன். சத்தியம் எல்லாம் கேட்டாள்.

செப்டம்பர் 14, ஞாயிறு

மதியம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாஸ்போர்ட் வேண்டும் என்றேன்.

"சாப்பிடும்போதுதான் கேக்கணுமா?"

உட்கார்ந்தேன். அவர் ரசம், மோர் எல்லாம் சாப்பிட்டு முடித்தார். கை கழுவினார். வெற்றிலை எடுத்தார். காத்துக்கொண்டிருந்தேன். அண்ணி அடுப்படி வாசலில்.

"பீரோச் சாவி எங்க வச்சேன்னு தெரியலை" என்றார்.

அப்போது சொன்னேன். சத்தம் போடவில்லை. "பதினோரு வருஷம் என் பாஸ்போர்ட்டை அந்த மேடம் பூட்டி வச்சிருந்தா. அப்பா செத்ததுக்கு வரணும்னு கெஞ்சினேன், குடுக்கலை. அவ யாரோ. நீங்க எங்கூடப் பொறந்தவரு."

கையிலிருந்த வெற்றிலையைத் தட்டில் வைத்தார். பிறகு எழுந்து போய் மடியிலிருந்த சாவியை எடுத்துத் திறந்தார். பாஸ்போர்ட்டை என் கையில் கொடுக்கவில்லை, மேஜை மேல் வைத்தார். எடுத்துக்கொண்டேன்.

அவருக்கும் கஷ்டம் இல்லாமல் இல்லை. நான் பணம் அனுப்ப அனுப்ப வெயிலில் நின்று என் வீட்டைக் கட்டியவர் அவர்தான். அதற்காக ஷெட்டைக் கொடுக்க முடியாது.

செப்டம்பர் 16, செவ்வாய்

மேகம். மழை இல்லை. மாரிமுத்து கிரைண்டர் மெஷினோடு வந்தான். நான் கூப்பிடவில்லை, பாய் சொல்லி அனுப்பியிருக்கிறார். வந்ததும் வேலையை ஆரம்பித்தான். சிவப்புத் தூசி தெருமுனை வரை. இருவரும் மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டு, பார்க்கத் திருடர்கள் மாதிரி.

சாயங்காலம் தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். தரை வெளிறிக் கிடந்தது, மொட்டை அடித்த தலை மாதிரி.

இடுப்பு வலி. வெந்நீர்.

செப்டம்பர் 17, புதன்

முதல் தடவை தெளித்தாயிற்று. எதில் தெளிப்பது என்று யோசித்து, பாய் கடையில் புதிதாக ஒரு ஸ்பிரேயர் வாங்கினேன். வயலில் மருந்து அடிப்பார்களே, முதுகில் மாட்டுவது. முதுகில் மாட்டிக்கொண்டு பின்பக்கமாக நடந்து நடந்து அடித்தேன். தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள்.

"என்ன மல்லிகா, தரைக்குப் புகையான் பூச்சி விழுந்துருச்சா?"

"ஆமா, நெல்லு நட்டிருக்கேன்."

தெளித்தது காயாமல் அரைமணி நேரம் பார்த்துக்கொள்ள வேண்டும். நானும் மாரிமுத்துவும் தென்னந் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டே இருந்தோம். தரை குடித்தது, நிஜமாகவே குடித்தது. வாய்க்கால் பக்கம் குறைவாக, சுவர்ப் பக்கம் நிறைய.

செப்டம்பர் 18, வியாழன்

இரண்டாவது தடவை. மேலே நின்ற வெள்ளைப் படிவைத் தண்ணீர் ஊற்றித் தள்ளிவிட்டோம். காய்ந்ததும் பார்த்தால் திட்டுத் திட்டாகக் கறுப்பும் வெளுப்பும். அழகில்லை. விரலால் தேய்த்தேன், தூசி வரவில்லை. மறுபடி தேய்த்தேன். இல்லை.

இரண்டு நாள் பாரம் எதுவும் ஏற்றக் கூடாது என்று திருச்சிக்காரர் சொன்னது. வேன் சனிக்கிழமை வரை மரத்தடியில்.

மாரிமுத்து போகும்போது, "அடுத்த தரையில பிளாஸ்டிக் விரிச்சுருவேங்க்கா" என்றான். சரி என்றேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

இன்று நடந்ததை எழுதிவிட வேண்டும்.

இரண்டரை மணிக்கு டிராக்டர் சத்தம். டிரெய்லர் நிறைய உர மூட்டை. பின்னால் மொபெட்டில் அண்ணன். லைசென்ஸ் இன்னும் வரவில்லை, ஆனால் சரக்கு வந்துவிட்டதாம், மழை வருகிறதாம், நாலு நாளைக்கு உன் ஷெட்டில் இருக்கட்டும் என்றார். கேட்கவில்லை, சொன்னார். நாலு நாள் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பழைய சொசைட்டி குடோன் தரையைப் பார்த்திருக்கிறேன். உரம் கசிந்து கசிந்து சிமெண்ட் அரித்து, சல்லி பல்லைக் காட்டிக்கொண்டு கிடக்கும்.

ஓடிப்போய் வேனை எடுத்து ஷெட் வாசலுக்குக் குறுக்கே நிறுத்தினேன். இறங்கவில்லை. கண்ணாடியை மட்டும் இறக்கினேன்.

"வண்டியை எடு மல்லிகா."

"எடுக்க மாட்டேன்."

"மூட்டை நனைஞ்சா யாரு பொறுப்பு?"

"உங்க வீட்டுக் கூடத்துல எறக்குங்க. இது என் எடம். இங்க ஒரு மூட்டையும் எறங்காது."

"ஊரு பாக்குது."

"பாக்கட்டும்ண்ணே."

டிராக்டர்க்காரர் இன்ஜினை அணைத்துவிட்டு பீடி பற்றவைத்தார். ஊர் பார்த்தது. எதிர்வீட்டு மாடியில் இரண்டு பேர், பால் சொசைட்டி வாசலில் ஐந்தாறு பேர். ஸ்டியரிங்கை விடவில்லை.

மூன்றேகால் ஆனது. மூன்றரைக்குப் பள்ளிக்கூடம் விடும். ஒன்பது பிள்ளைகள் கேட்டில் நிற்கும். அண்ணனுக்கும் அது தெரியும். கடிகாரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மொபெட்டை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். போகாமல் இருக்க முடியாது. போனால் ஷெட் போனது.

அழுகை வந்துவிடும் போல இருந்தது. அந்த நேரத்தில் அண்ணி அவர் வீட்டிலிருந்து வந்தார். ஒரு கையில் முறம், இன்னொரு கையில் அரிசிப் பானை. வேனுக்கும் ஷெட்டுக்கும் நடுவில், வாசல்படியில் குறுக்காக உட்கார்ந்தார். காலை நீட்டிக்கொண்டார். அரிசியை முறத்தில் கொட்டிப் புடைக்க ஆரம்பித்தார்.

"நீ போயி புள்ளைவொளக் கூட்டிட்டு வா."

"என்னடி இது?" அண்ணன் குரல்.

"கல்லு பொறுக்குறேன்" என்றார் அண்ணி. தலை நிமிரவில்லை.

முப்பது வருஷமாக அந்த வீட்டில் அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு நான் கேட்டதில்லை. வேனை எடுத்தேன். வழியில் கியர் இரண்டு தடவை சரியாக விழவில்லை.

கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு நாலரைக்குத் திரும்பினேன். டிராக்டர் இல்லை. அண்ணன் வீட்டுக் கூடத்தில் மூட்டைகள் தெரிந்தன. அண்ணி வாசல்படியிலேயே இருந்தார். பானையில் இருந்த அரிசி அவ்வளவும் சுத்தமாகிவிட்டது, சுத்தமானதையே மறுபடி புடைத்துக்கொண்டிருந்தார்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். அண்ணி தரையைத் தொட்டுப் பார்த்தார்.

"வழவழன்னு இல்ல. ஆனா நல்லாருக்கு."

ஐந்து மணிக்கு மழை.

செப்டம்பர் 20, சனி

வேனை உள்ளே விட்டேன். எடுத்தேன். மறுபடி விட்டேன். டயர் தடம் மட்டும், ஈரத்தில். துணியால் துடைத்ததும் போய்விட்டது. ஆயில் சொட்டும் இடத்தில் ஒரு தட்டில் உமி போட்டு வைத்திருக்கிறேன்.

அண்ணன் பேசவில்லை. காலையில் எதிரில் வந்தார், திரும்பிக்கொண்டார். வலிக்கத்தான் செய்கிறது. நான் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

தேன்மொழிக்குப் போன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அத்தையா? நெஜமாவா?" என்று மூன்று தடவை கேட்டாள்.

உளுந்து வாங்கியாயிற்று.

செப்டம்பர் 21, ஞாயிறு

காலையில் வெயில், மழை விட்டுவிட்டது. ஒன்பது மணிக்கு அண்ணி வந்தார். புதுச் சேலை இல்லை, ஆனால் தலை சீவிப் பூ வைத்திருந்தார். ஷெட் வாசலில் நின்றார், உள்ளே வரவில்லை.

"எனக்கு இது வருமா?"

எது என்று கேட்டேன். வேனைக் கண்ணால் காட்டினார்.

"அம்பத்தோரு வயசாகுது. சிரிக்காத."

"சிரிக்கலை. ஏறுங்கண்ணி."

கதிரடிக்கும் களத்துக்கு ஓட்டிப்போனேன். இப்போது அங்கே ஆடு மேய்வது தவிர ஒன்றுமில்லை. இடம் மாறி உட்கார்ந்தோம். லைசென்ஸ் இல்லாமல் ரோட்டுக்குப் போகக் கூடாது, களத்துக்குள் மட்டும், நாளைக்கு எல்.எல்.ஆருக்கு எழுதிப் போடலாம் என்று சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி, "நிப்பாட்டுறது எது?" நல்ல கேள்வி. காட்டினேன்.

மூன்று தடவை அணைந்தது. நாலாவது தடவை துள்ளிக்கொண்டு நகர்ந்தது. அண்ணி ஸ்டியரிங்கைக் குழந்தையைப் பிடிப்பது போல இரண்டு கையாலும் பிடித்திருந்தார். ஆடுகள் விலகின. ஒரு சுற்று. இரண்டாவது சுற்றில் களத்தின் குறுக்கே ஒரு மொபெட். அண்ணன், வயலுக்குக் குறுக்கு வழியில். யார் ஓட்டுகிறார்கள் என்று பார்த்ததும் நடுக்களத்தில் அப்படியே நின்றுவிட்டார்.

"பிரேக், அண்ணி" என்றேன்.

அண்ணி பிரேக்கை மிதிக்கவில்லை. ஹார்னை அழுத்தினார். அழுத்தியது அழுத்தியபடி.

அண்ணன் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போய் நின்றார்.